பங்காளி வீட்டு ஒப்பந்தமும் ட்ராக் சேஞ்சஸும்: பலர் கைபடும் கோப்பில் யார் எதை மாற்றினார் என்று தெரிந்துகொள்ள

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்கு ஒரே ஒருவர் சொந்தக்காரர் என்பது அபூர்வம். ஒரு பங்காளி காரைக்குடியில், நால்வர் சென்னையில், மற்றவர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் என்று உரிமை பரந்து கிடக்கும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குக் கூடியபோது, வீட்டைப் பராமரிக்க எல்லோரும் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தம் எழுதுவோம் என்று முடிவாகிறது. ஒருவர் எட்டுப் பக்கம் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இரண்டு வாரத்தில் ‘வரைவு’, ‘வரைவு புதியது’, ‘பைனல்’, ‘பைனல் அண்ணன் பார்த்தது’ என்று கோப்புகள் பெருகிவிடும். எதில் எது மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.

இது வெறும் எரிச்சலோடு போகிற விஷயமல்ல. ஓர் உதாரணம். வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: “முகப்பு ஓடு பிரித்து மாற்றும் செலவைப் புள்ளிக் கணக்கில் பகிர்ந்துகொள்வது.” யாரோ ‘புள்ளிக் கணக்கில்’ என்பதைப் ‘பங்குக் கணக்கில்’ என்று மாற்றிவிட்டார். பார்வைக்கு ஒரே ஒரு சொல். புள்ளி என்றால் மணமான ஒருவரின் குடும்பம்; பங்கு என்றால் ஒரு வழிக்கு மொத்தமாக ஒன்று. செலவு 2,40,000 ரூபாய் என்றும், மூன்று அண்ணன் தம்பி வழியில் முதல் வழியில் 1 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 5 என்றும் வைத்துக்கொள்வோம். புள்ளிக் கணக்கில் ஒரு புள்ளிக்கு 30,000. பங்குக் கணக்கில் ஒவ்வொரு வழிக்கும் 80,000. அதாவது முதல் வழியின் ஒற்றைப் புள்ளி 80,000 கட்ட, மூன்றாம் வழியில் ஒரு புள்ளிக்கு 16,000தான். மாற்றியவர் நல்லெண்ணத்தில், மொழியைச் சீர்செய்வதாக நினைத்துக்கூட மாற்றியிருக்கலாம். ஆனால் தடமில்லாமல் மாறியிருந்தால் அதை யாரும் நல்லெண்ணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய பேரேட்டில் தவறான தொகையைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள்; கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள். வேர்டு மென்பொருளில் திருத்தங்களைக் குறித்து வைக்கும் ட்ராக் சேஞ்சஸ் வசதி செய்வதும் அதேதான். எழுதியவர் பெயரும் நேரமும் கூடவே பதிவாகும் என்பதுதான் கூடுதல்.

கோப்பைச் சுற்றுக்கு விடுமுன்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும். கோப்பு எங்கே இருக்கும் என்பது ஒன்று. ஒரே இடம், ஒரே கோப்பு. வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பினால் பெற்றவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தனிப் பிரதி உண்டாகிறது. அதன்பின் அவை ஒன்றையொன்று அறியா. ஆகவே கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ கோப்பை வைத்து, குழுவில் அதன் லிங்கை மட்டும் போடுங்கள்.

திருத்தங்களை ஏற்பவர் யார் என்பது மற்றொன்று. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஏற்பதும் தள்ளுவதும் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அவரைப் பொறுப்பாளர் என்போம். வயதில் மூத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை; கணினியில் பொறுமையாக உட்காரக்கூடியவராக இருந்தால் போதும். சொத்து விஷயத்தில் அதிகம் இழுபறி இருக்கும் இருவரில் ஒருவரை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

கெடுவைக் குறிக்கும்போது யார் ஊர் நேரம் என்றும் எழுதுங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. “ஞாயிறு இரவு 9 மணி வரை” என்று மட்டும் போட்டால், அங்கே 9 மணிக்கு எல்லாம் முடிந்தது என்று ஒருவர் படுக்கப் போன பிறகும் இங்கே இரண்டரை மணி நேரம் திருத்தம் நடந்துகொண்டிருக்கும்.

அடுத்தது எழுத்துரு. டிடிபி கடையில் அடித்த பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கூகுள் டாக்ஸிலோ திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். இடையில் ஒருவர் அதை எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றினால், வேர்டின் கண்ணுக்கு ஆவணம் முழுவதும் அழிக்கப்பட்டு முழுவதும் புதிதாக எழுதப்பட்டதாகப் படும்; உண்மையான திருத்தம் அதற்குள் தொலைந்துபோகும். ஆகவே முதல் நாளே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றி முடித்ததும் மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கில இனிஷியல்களையும் தனியாகச் சரிபாருங்கள். மாற்றும் கருவி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழ் எழுத்துகளாகக் குழப்பி வைத்திருக்கும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர் எழுத்துக்கூட்டலையும் இந்தக் கட்டத்திலேயே ஒருமைப்படுத்துங்கள். ‘ஆத்தங்குடி கல்’ என்றா ‘ஆத்தங்குடிக் கல்’ என்றா, ‘இரண்டாங்கட்டு’ என்றா ‘இரண்டாம் கட்டு’ என்றா என்று முன்பே தீர்மானித்து ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்து முடித்துவிடுங்கள். ட்ராக் சேஞ்சஸ் ஓடும்போது இதைச் செய்தால் ஒவ்வோர் இடமும் ஒரு தனித் திருத்தமாகப் பதிவாகி, முக்கியமான நாலு திருத்தங்கள் நூறு அற்ப மாற்றங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

வேர்டில்: முதலில் உங்கள் பெயர்

பலரும் தவறவிடும் படி இது. வேர்டு ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் ஒரு பெயரைக் குத்துகிறது. அந்தப் பெயர் நீங்கள் யார் என்பதிலிருந்து வருவதில்லை. அந்தக் கணினியில் பதிந்து கிடக்கும் பெயர் அது. டிடிபி கடைக் கணினியில் ‘அட்மின்’ என்றிருக்கும். பழைய கணினியை விலைக்கு வாங்கியிருந்தால் முன்னால் வைத்திருந்தவர் பெயரே இருக்கும். மூன்று பேர் மூன்று ஊரில் ‘யூசர்’ என்ற பெயரில் திருத்தினால் தடம் இருந்தும் பயனில்லை.

‘பைல்’ → ‘ஆப்ஷன்ஸ்’ → ‘ஜெனரல்’ போய் ‘யூசர் நேம்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்தக் கணக்கின் பெயர் முந்திக்கொள்ளும். அது வேண்டாம் என்றால் அதன் கீழே உள்ள ‘ஆல்வேஸ் யூஸ் தீஸ் வேல்யூஸ்’ என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். ஒரே வீட்டில் ஒரே பெயரில் பாட்டனும் பேரனும் இருப்பது நம் பக்கம் சகஜம். அப்படியானால் பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதுங்கள். பெயரை இப்போது மாற்றினால் இனி வரும் திருத்தங்களுக்கு மட்டுமே அது ஒட்டும். ஏற்கெனவே செய்தவை பழைய பெயரிலேயே நிற்கும்.

இனி ‘ரிவ்யூ’ டேபில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்துங்கள். விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிப்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதுவே. புதிய வேர்டில் அதன் கீழே இரண்டு தேர்வுகள் வரும்: ‘பார் எவ்ரிஒன்’, ‘ஜஸ்ட் மைன்’. பொறுப்பாளர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதைப் போட்டால் அவருடைய திருத்தம் மட்டும்தான் பதிவாகும். மற்றவர்கள் செய்வது தடமில்லாமல் கலந்துவிடும்.

அதே பொத்தானின் அடியில் ‘லாக் ட்ராக்கிங்’ என்று ஒன்று உண்டு. கடவுச்சொல் கொடுத்துப் பூட்டினால் வேறு யாரும் ட்ராக் சேஞ்சஸை அணைக்க முடியாது. பூட்டு இருக்கும்வரை யாரும் எதையும் ஏற்கவோ தள்ளவோ முடியாது. பொறுப்பாளர் தாம் உட்காரும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் நகலெடுத்துப் புதிய கோப்பில் ஒட்டினால் இந்தப் பூட்டு நிற்காது. கைதவறுதலைத் தடுக்க மட்டும் இது போதும். வேண்டுமென்றே செய்பவரைப் பிடிக்கப் பின்னால் வேறு வழி சொல்கிறோம்.

திரையில் பார்ப்பது எது

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ‘ரிவ்யூ’ டேபில் நான்கு பார்வைகள் இருக்கின்றன. ‘ஆல் மார்க்கப்’ என்றால் சேர்த்தது அடிக்கோட்டோடும் நீக்கியது குறுக்குக்கோட்டோடும் தெரியும். ‘சிம்பிள் மார்க்கப்’ என்றால் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும். அதைச் சொடுக்கினால் விவரம் விரியும். ‘நோ மார்க்கப்’ என்றால் எல்லாத் திருத்தமும் ஏற்கப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ‘ஒரிஜினல்’ என்றால் எந்தத் திருத்தமும் இல்லாத பழைய வடிவம்.

‘நோ மார்க்கப்’ திருத்தங்களை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. அந்தப் பார்வையில் பக்கம் சுத்தமாகத் தெரிகிறது என்று நம்பி வக்கீலுக்கு அனுப்பினால், அவர் கணினியில் ‘ஆல் மார்க்கப்’ போட்டதும் இரண்டு மாதச் சண்டையும் வண்ண வண்ணமாக விரியும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒன்று. வேர்டு ஆளுக்கொரு நிறம் கொடுக்கிறது. அந்த நிறம் கணினிக்குக் கணினி மாறும். உங்கள் திரையில் சிவப்பு, அடுத்தவர் திரையில் நீலம். “நான் சிவப்பில் போட்டதைப் பாருங்கள்” என்று தொலைபேசியில் சொல்வது வீண். பெயரையும் பத்தி எண்ணையும் சொல்லுங்கள்.

திருத்தும் கை எப்படி நடக்க வேண்டும்

தமிழில் எழுத்தளவில் திருத்தாதீர்கள், சொல்லளவில் திருத்துங்கள். ‘கட்ட’ என்பதைக் ‘கூட்ட’ என்று மாற்ற முதல் எழுத்தோடு ஒரு குறியை மட்டும் ஒட்டினால், திரையில் கால் பகுதி அடிக்கோடிட்ட ஓர் எழுத்தும், சில சமயம் உயிர்க்குறி ஒட்டாமல் ஒரு புள்ளி வட்டமும் தெரியும். வேர்டு பழைய துண்டையும் புதிய துண்டையும் தனித்தனியாக வரைவதால் வரும் கோளாறு. சொல்லை இரட்டைச் சொடுக்கில் தேர்ந்தெடுத்து முழுச் சொல்லையும் புதிதாக அடியுங்கள். பழைய சொல்லின் மேல் கோடு, பக்கத்தில் புதிய சொல். படிப்பவருக்கு ஒரு பார்வையில் புரியும்.

தொகைக்கு இது இன்னும் கண்டிப்பு. 2,40,000 என்பதில் 4ஐ மட்டும் 1 ஆக்கினால், கறுப்பு வெள்ளை அச்சில் குறுக்குக்கோடு மங்கி, 2,41,000 முதல் 2,410,000 வரை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். முழுத் தொகையையும் நீக்கி முழுத் தொகையையும் எழுதுங்கள். பக்கத்தில் எழுத்தாலும் தொகை இருந்தால் அதையும் அதே கையோடு மாற்றுங்கள். எண் ஒன்று, எழுத்து ஒன்று என்று நிற்கும் ஒப்பந்தம் நாளைக்கு வம்பு.

கேள்வி இருந்தால் திருத்தாதீர்கள், குறிப்பு எழுதுங்கள். சொல்லைத் தேர்ந்தெடுத்து ‘ரிவ்யூ’ → ‘நியூ காமென்ட்’. குறிப்பில் மரியாதையும் காரணமும் இருக்கட்டும்: “சித்தப்பா, கூட்டத்தில் புள்ளிக் கணக்கு என்று பேசியதாக நினைவு. இங்கே பங்கு என்றிருக்கிறது. எது சரி?” இதையே ‘தவறு’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், அது எட்டு வீட்டிலும் படிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். ஆவணத்தின் உடலுக்குள் அடைப்புக்குறி போட்டுக் கேள்வி எழுதுவதையும் தவிருங்கள். அப்படி எழுதிய “இது யார் சொன்னது?” கடைசிப் பிரதியில் அச்சாகியே வரும்.

பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்திலேயே சொற்களையும் மாற்றுவது இன்னொரு தொல்லை. இடமாற்றமும் சொல்மாற்றமும் பின்னிக்கொள்ளும். பொறுப்பாளர் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள முடியாமல் திணறுவார். ஒரு நாள் இடத்தை மாற்றுங்கள். அவர் ஏற்ற பிறகு சொல்லைத் தொடுங்கள்.

பட்டியல்களில் எச்சரிக்கை

இந்த ஒப்பந்தத்தின் உயிர் பின்னிணைப்பில் உள்ள புள்ளிப் பட்டியல்தான்: பெயர், வழி, இருக்கும் ஊர், செலுத்த வேண்டிய தொகை. அட்டவணையில் ட்ராக் சேஞ்சஸ் பாதிதான் கைகொடுக்கும். கட்டத்துக்குள் எழுதுவது, நீக்குவது, வரிசை சேர்ப்பது பதிவாகும். இரண்டு கட்டங்களை ஒன்றாக்குவது பதிவாகாது. வேர்டு ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டும். அவசரத்தில் எல்லோரும் ‘ஓகே’ கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே அட்டவணையின் அமைப்பைப் பொறுப்பாளர் மட்டுமே தொட வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் வரிசை எண்ணைக் கையால் அடியுங்கள். தானியங்கி எண் வேண்டாம். தானியங்கி எண்ணில் ஒரு வரிசை போனால் கீழுள்ளவை தாமே மேலேறி எண் மாறிக்கொள்ளும், போனது தெரியாது. கையால் அடித்த எண்ணில் 6க்கு அடுத்து 8 வந்தால் கண்ணில் குத்தும். கடைசி வரியில் மொத்தப் புள்ளி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிப் பார்க்க அது உதவும்.

கூகுள் டாக்ஸில்

எல்லோரிடமும் வேர்டு இல்லாதபோது, அதுவும் பாதிப் பேர் கைபேசியில் மட்டும் பார்ப்பவர்களாக இருக்கும்போது, நாங்கள் கூகுள் டாக்ஸையே சொல்வோம். பிரதி பெருகாது, பெயர் குழம்பாது.

இங்கே ட்ராக் சேஞ்சஸுக்கு ‘சஜஸ்டிங்’ என்று பெயர். வலது மேல் மூலையில் பென்சில் படத்தைச் சொடுக்கினால் ‘எடிட்டிங்’, ‘சஜஸ்டிங்’, ‘வியூயிங்’ என்று மூன்று வரும். சஜஸ்டிங்கில் நீங்கள் அடிப்பதெல்லாம் யோசனையாக நிற்கும். ஓரத்தில் உங்கள் பெயரோடு ஒரு பெட்டி, அதில் ஏற்க ஒரு டிக், தள்ள ஒரு பெருக்கல் குறி.

இதைவிட முக்கியம், பகிரும்போது யாருக்கு எந்த உரிமை கொடுக்கிறீர்கள் என்பது. ‘ஷேர்’ பொத்தானில் மூன்று நிலைகள். ‘வியூவர்’ படிக்க மட்டும். ‘காமென்டர்’ குறிப்பு எழுதலாம், யோசனையாகத் திருத்தலாம், எதையும் ஏற்க முடியாது. ‘எடிட்டர்’ நேரடியாக மாற்றலாம், மற்றவர் யோசனையை ஏற்கலாம். பங்காளிகள் அனைவருக்கும் ‘காமென்டர்’ கொடுங்கள். பொறுப்பாளர் மட்டும் எடிட்டர். எல்லோரையும் எடிட்டர் ஆக்கிவிட்டு “தயவுசெய்து சஜஸ்டிங்கில் மட்டும் திருத்துங்கள்” என்று கேட்டுக்கொள்வது நடக்காது. யாராவது மறப்பார்கள், அல்லது தம் யோசனையைத் தாமே ஏற்றுக்கொள்வார்கள்.

‘லிங்க் உள்ள எவரும்’ என்று திறந்துவிடாதீர்கள். கணக்கில் நுழையாமல் வருபவர் பெயரில்லாத ஆளாகத்தான் தெரிவார். அவர் செய்த திருத்தம் யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்க இயலாது. ஒவ்வொருவர் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கிச் சேருங்கள். மகன் மின்னஞ்சலில் அப்பா நுழைவதும், ஒரே கணக்கைக் குடும்பமே பயன்படுத்துவதும் உண்டு. அந்த வீட்டில் மட்டும் குறிப்பின் முடிவில் எழுதியவர் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

‘பைல்’ → ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ → ‘சீ வெர்ஷன் ஹிஸ்டரி’ போனால் வலப்பக்கம் தேதி வாரியாகப் பழைய வடிவங்கள் வரிசையாக இருக்கும். எடிட்டர் உரிமை உள்ளவருக்குத்தான் இது தெரியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதே இடத்தில் ‘நேம் கரண்ட் வெர்ஷன்’ கொடுத்து, ‘முதல் சுற்று முடிவு, படைப்புக்கு முன்’ என்று பெயர் வையுங்கள். பெயர் வைக்காத வடிவங்களைக் கூகுள் காலப்போக்கில் ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடும். பழைய வடிவத்துக்குத் திரும்ப ‘ரெஸ்டோர்’ கொடுத்தாலும் புதிய வடிவம் அழியாது, பட்டியலிலேயே இருக்கும். பயப்படாமல் அழுத்தலாம்.

கைபேசியில் திருத்துபவர்கள் டாக்ஸ் செயலியைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘சஜஸ்ட் சேஞ்சஸ்’ போட்டுக்கொள்ள வேண்டும். காமென்டர் உரிமை மட்டும் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. பட்டியலைக் கைபேசியில் திருத்த வேண்டாம். சின்னத் திரையில் விரல் ஒரு கட்டம் தள்ளிப் படும்.

கூகுளில் உள்ளதை வேர்டு கோப்பாக இறக்கினால் யோசனைகள் ட்ராக் சேஞ்சஸாகவே வரும். வேர்டிலிருந்து ஏற்றினாலும் அப்படியே. பதிப்பு வரலாறு மட்டும் கூட வராது.

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு: ‘எடிட்’ → ‘ட்ராக் சேஞ்சஸ்’ → ‘ரெக்கார்ட்’. பெயரை ‘டூல்ஸ்’ → ‘ஆப்ஷன்ஸ்’ → ‘யூசர் டேட்டா’வில் எழுதுங்கள். மற்றதெல்லாம் வேர்டைப் போலத்தான்.

பொறுப்பாளர் உட்காரும்போது

கெடு முடிந்ததும் முதலில் கோப்பின் ஒரு பிரதியைத் தேதி போட்ட பெயரில் எடுத்து வைத்துவிடுங்கள். தகராறு வந்தால் சாட்சி இதுதான். ஏற்ற திருத்தத்தின் தடம் கோப்பில் மிஞ்சாது. ஏற்ற நொடியில் அது சாதாரண எழுத்தாகிவிடும்.

அடுத்து ‘ஷோ மார்க்கப்’ கீழ்ப்பட்டியலில் ‘பார்மேட்டிங்’ மட்டும் தெரியும்படி வைத்து, எழுத்துரு, தடிமன், வரி இடைவெளி போன்றவற்றை ‘அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்’ கொடுத்து ஒரேயடியாக முடியுங்கள். திரையில் தெரிவதை மட்டுமே அது ஏற்கும். பாதித் திரை காலியானதும் உண்மையான வேலை தெரியும்.

பிறகு ஒன்றொன்றாக: ‘நெக்ஸ்ட்’, படி, ‘அக்செப்ட்’ அல்லது ‘ரிஜெக்ட்’. எழுத்துப்பிழைத் திருத்தத்தைத் தயங்காமல் ஏற்கலாம். தொகை, பெயர், தேதி, ‘வேண்டும்’ / ‘லாம்’, ‘மற்றும்’ / ‘அல்லது’, ‘புள்ளி’ / ‘பங்கு’ இவற்றில் கைவைத்த திருத்தம் எதுவானாலும் நீங்களாக ஏற்காதீர்கள். குறிப்பு எழுதி, குழுவில் கேட்டு, பதில் வந்த பிறகு ஏற்று, “இன்னார் கேட்டார், எல்லோரும் ஒப்புக்கொண்டனர்” என்று ஒரு தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். ‘பராமரிக்க வேண்டும்’ என்பது ‘பராமரிக்கலாம்’ ஆனால் வீடு ஒழுகும்போது யாரும் கட்டுப்பட்டவர் அல்ல.

முழு ஆவணத்துக்கும் ‘அக்செப்ட் ஆல்’ என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். களைப்பில் கை அங்கேதான் போகும்.

யாரோ தடத்தை அணைத்துவிட்டுத் திருத்தியிருந்தால்

தடமில்லாத கோப்பு திரும்பி வருவது சாதாரணம். அணைத்தவர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். சிவப்புக் கோடு கண்ணை உறுத்துகிறது என்று அணைத்திருப்பார். வேர்டில் ‘ரிவ்யூ’ → ‘கம்பேர்’ → ‘கம்பேர்’. முதல் பெட்டியில் நீங்கள் எடுத்து வைத்த பிரதி, இரண்டாவதில் வந்த கோப்பு. ‘மோர்’ என்பதை விரித்து ‘பார்மேட்டிங்’, ‘ஒயிட் ஸ்பேஸ்’ இரண்டின் டிக்கையும் எடுங்கள். ‘ஷோ சேஞ்சஸ் அட்’ என்ற இடத்தில் ‘வேர்ட் லெவல்’ இருக்கட்டும். எழுத்து அளவில் ஒப்பிட்டால் தமிழில் துண்டுதுண்டாகச் சிதறும். ‘நியூ டாக்குமென்ட்’ தேர்ந்து ‘ஓகே’. வேறுபாடெல்லாம் ட்ராக் சேஞ்சஸாக ஒரு புதிய கோப்பில் வந்து நிற்கும். ஒப்பிடும் கோப்புகளில் ஏற்கெனவே நிலுவைத் திருத்தங்கள் இருந்தால் வேர்டு அவற்றை ஏற்றதாகவே எடுத்துக்கொண்டு ஒப்பிடும்.

கூகுளில் ‘டூல்ஸ்’ → ‘கம்பேர் டாக்குமென்ட்ஸ்’.

ஒப்பீட்டில் ஒரு வினோதம் வரும். ‘கௌரவம்’ நீக்கப்பட்டு ‘கெளரவம்’ சேர்க்கப்பட்டதாகக் காட்டும். உற்றுப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் ஔகாரக் குறி, மற்றதில் கொம்பும் தனி ‘ள’வும். அதேபோல் ‘கோ’ எழுத்தின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகச் சேர்த்தும் அடிக்கலாம். கணினிக்குள் அவை வேறு வேறு எண்கள். இப்படிக் காரணம் தெரியாத திருத்தம் கண்டால் யாரையும் சந்தேகப்படாதீர்கள், விசைப்பலகை வேறுபாடுதான். ஆனால் தேடும்போது இது காலை வாரும். ‘கௌரி’ என்று தேடினால் ‘கெளரி’ கிடைக்காது. பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று முடிவுகட்டிவிடுவீர்கள்.

கையெழுத்துக்கும் அச்சுக்கும்

எல்லாத் திருத்தமும் தீர்ந்த பிறகு ‘ரிவ்யூயிங் பேன்’ திறந்து, நிலுவை பூஜ்யம் என்று காட்டுகிறதா பாருங்கள். தலைப்பு, அடிக்குறிப்புப் பகுதிகளுக்குள் ஒளிந்திருக்கும் திருத்தமும் அங்கே தெரியும். குறிப்புகளை ‘டெலீட் ஆல் காமென்ட்ஸ்’ கொடுத்து நீக்குங்கள். ட்ராக் சேஞ்சஸை அணையுங்கள். பிறகு ‘பைல்’ → ‘இன்ஃபோ’ → ‘செக் பார் இஷ்யூஸ்’ → ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ ஒரு முறை ஓட்டுங்கள். இதை இடையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். சொந்தத் தகவலை நீக்கச் சொன்னால் திருத்தங்களின் மேலுள்ள பெயரெல்லாம் ‘ஆதர்’ என்று ஒரே பெயராகிவிடும். திரும்பக் கொண்டுவர வழியில்லை.

அச்சிடும்போது ‘செட்டிங்ஸ்’ கீழே ‘பிரின்ட் மார்க்கப்’ டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துக்குப் போவது பிடிஎப் ஆக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்க எண்ணும் வரைவுத் தேதியும் இருக்கட்டும். இது பராமரிப்பு ஒப்பந்தம். சொத்தையே பிரிக்கும் பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் அது 1908 பதிவுச் சட்டத்தின்படி பதிவுக்குப் போக வேண்டியது. வக்கீல் கைக்குப் போன பிறகு அவர் பிரதிதான் மூலப்பிரதி. உங்கள் கோப்பில் அதன்பின் யாரும் திருத்தக் கூடாது. கூகுளில் எல்லோரையும் ‘வியூவர்’ ஆக்கிவிடுங்கள்.

குடும்ப மலரோ கோவில் கும்பாபிஷேக மலரோ இதே முறையில் தயாராகி அச்சகத்துக்குப் போகிறதென்றால் ஒரு படி கூடுதல். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை செய்யும் அச்சகம் யூனிகோடை ஏற்காது. பாமினிக்கோ வேறு எழுத்துருவுக்கோ மாற்றிக்கொள்வார்கள். அந்த மாற்றத்தில் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்துகளும் மேற்கோள்குறிகளும் சிதையும். அதனால் அச்சகம் தரும் புரூபைக் கோப்போடு அல்ல, கடைசி பிடிஎப்போடு வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்க, பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்கிச் சரிபாருங்கள். அங்கே கண்ட பிழைகளை அச்சகத் தாளில் மட்டும் குறிக்காமல் உங்கள் கோப்பிலும் ஏற்றிவிடுங்கள். அடுத்த மலருக்கு இதே பட்டியலைத்தான் எடுப்பீர்கள்.